மலையகத் தோட்டங்களில் சிறுவர் விளையாட்டு முகாம்: தமிழ்நாட்டுச் சபைக் குழு கிளம்புமுன் செய்ய வேண்டியவை

இலங்கை மலையகத்தில், அட்டன் சுற்றுவட்டாரத் தோட்டங்களில், பள்ளி விடுமுறைக்குச் சிறுவர் விளையாட்டு முகாம் நடத்துகிற கிறிஸ்தவ சபைகள் உண்டு. அவற்றுக்குக் கைகொடுக்கத் தமிழ்நாட்டிலிருந்து எட்டுப் பத்துப் பேராக ஒரு வாரம் போகிற வாலிபர் குழுக்களுக்காக எழுதியது இது. மொழி ஒன்று, பறந்தால் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. அதனாலேயே பக்கத்து ஊருக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்தப் போவதுபோல் கிளம்பிவிடுகிறார்கள், சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. முகாம் அங்குள்ள சபையுடையது, நீங்கள் வேலையாட்கள். இதைக் குழு முழுக்க ஒப்புக்கொண்ட பிறகு மேலே படியுங்கள்.

1. கடிதம் கைக்கு வந்த பிறகே டிக்கெட்

முதலில் அழைப்புக் கடிதம். வாட்ஸ்அப்பில் "வாங்க, பார்த்துக்கலாம்" என்பது அழைப்பு ஆகாது. சபையின் கடிதத் தாளில், பொறுப்புப் போதகரின் கையெழுத்தோடு, இவை இருக்க வேண்டும்: ஒவ்வொருவர் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும், வருகிற நாளும் திரும்புகிற நாளும், தங்குமிட முகவரி, என்ன செய்யப் போகிறீர்கள், செலவு யாருடையது, இலங்கையில் இரவிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண். ஆளுக்கு இரண்டு நகல்: ஒன்று கைப்பையில், ஒன்று பெட்டியில்.

அடுத்து, மைதானத்துக்கான அனுமதி. இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். தோட்டத்து மைதானம் நிர்வாகத்தின் கையில் இருக்கிறது, தோட்டத்துரையின் (தோட்ட மேலாளரின்) எழுத்து அனுமதி வேண்டும். "வருஷா வருஷம் அங்கதான் விளையாடுறோம்" என்பது உள்ளூர்ப் பிள்ளைகளுக்குச் சரி. வெளிநாட்டுக்காரர்கள் பத்துப் பேர் வந்து நிற்கும்போது அது செல்லாது. பள்ளி மைதானம் என்றால் அதிபரிடமும் (அங்கே தலைமையாசிரியருக்கு அதுதான் பெயர்) வலயக் கல்விப் பணிமனையிலும் கேட்க வேண்டும். கிராம உத்தியோகத்தருக்கும் பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்கும் ஒரு தகவல் கடிதம் போவது நல்லது. இத்தனையும் உள்ளூர்ச் சபை செய்ய வேண்டியவை. நீங்கள் சென்னையில் இருந்துகொண்டு தோட்டத்துரைக்கு மின்னஞ்சல் போட்டால் குழப்பம்தான் மிஞ்சும். உங்கள் வேலை, நகல்களைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வைப்பது. நகல் வரவில்லை என்றால் அனுமதி இன்னும் வாங்கப்படவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் மூன்று மாதம் ஆகும். எனவே பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலேயே பேச்சைத் தொடங்குங்கள்.

2. தேதி: மே மாதத்தை மறந்துவிடுங்கள்

நமக்கு மே மாதம் விடுமுறை. இலங்கைப் பள்ளிகளுக்கு அப்போது விடுமுறை இல்லை. அங்கே ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் என மூன்று தவணை விடுமுறைகள். சரியான நாட்களை அவர்களுடைய கல்வி அமைச்சு ஆண்டுதோறும் அறிவிக்கும், சில ஆண்டுகளில் அது நகரும். போதாததற்கு, மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில் இறங்கிவிடும். இலங்கையிலேயே அதிக மழை வாங்குகிற இடங்களில் அட்டன், வட்டவளை, மஸ்கெலியா பக்கமும் சேரும்.

ஏப்ரல் என்றால் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய வாரத்தைத் தவிருங்கள். கொழும்பில் வேலை பார்க்கும் அண்ணன்மாரும் அக்காமாரும் வீடு திரும்புகிற நாட்கள் அவை, பிள்ளைகள் முகாமுக்கு வரமாட்டார்கள். டிசம்பர் முதல் மே வரை சிவனொளிபாத மலை யாத்திரைக் காலம் வேறு. யாத்திரிகர்களில் பெரும்பாலோர் அட்டன் வழியாகத்தான் போவார்கள். அறையும் வேனும் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். பௌத்தர்களின் புனித நாட்களான பௌர்ணமி போயா தினங்கள் பொது விடுமுறை. அன்று ஒலிபெருக்கி வைத்து முகாம் நடத்த வேண்டாம்.

ஆகஸ்டில் அவர்களுக்கு விடுமுறை, நமக்கு இல்லை. மழையும் இருக்கும். ஆசிரியர்கள் அதிகமுள்ள குழுவுக்கு ஒத்துவருவது டிசம்பர் 27 முதல் 31 வரையிலான நாட்கள்: இரண்டு பக்கமும் விடுமுறை, கிறிஸ்துமஸ் ஆராதனை வேலைகளும் முடிந்திருக்கும். ஆனால் வருடக் கடைசி ஆராதனைக்கு உங்கள் போதகர் ஊரில் இருந்தாக வேண்டும், அதையும் கணக்கில் வையுங்கள். மட்டக்களப்புப் பக்கம் அழைப்பு வந்தால் கணக்கு தலைகீழ். அங்கே ஆகஸ்ட் வெயில், டிசம்பர் அடைமழை.

நாள் முடிவாகுமுன் உள்ளூர்ச் சபையிடம் இன்னொன்றும் கேளுங்கள்: அந்த வாரம் அந்தப் பள்ளி ஏதாவது பொதுப் பரீட்சைக்கு நிலையமாக இருக்கிறதா? இருந்தால் மைதானம் பூட்டு.

3. பாஸ்போர்ட்டும் பெயரும்

இறங்குகிற நாளிலிருந்து ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். ஆதாரை நீட்டிக்கொண்டு இலங்கைக்குப் போக முடியாது. புதிதாக எடுக்க 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், தட்கல் என்றால் மேலும் 2,000. போலீஸ் விசாரணைதான் இழுக்கும். நான்கு மாதம் முன்னால் விண்ணப்பித்துவிட்டால் தட்கலுக்குத் தேவையே வராது.

நம் ஆட்களுக்கே உரிய தலைவலி பெயர். பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். சிலருக்கு அதில் அப்பா பெயர் இருக்கும், சபைப் பதிவேட்டில் இனிஷியல் மட்டும் இருக்கும். விமான டிக்கெட் படிவமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பச் சொல்லும். ஒற்றைப் பெயரை எப்படிப் போடுவது என்பதில் ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் ஒரு வழக்கம். பதிவு செய்யுமுன் அவர்களிடமே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். டிக்கெட், விசா, அழைப்புக் கடிதம், காப்பீடு நான்கிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலே இருக்கட்டும். ஞானஸ்நானப் பெயர் எங்கும் வேண்டாம். பட்டியலைத் தட்டச்சு செய்பவர் பாஸ்போர்ட்டின் நகலைப் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும், ஆளிடம் கேட்டு அல்ல.

பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களை இந்த வேலைக்கு அழைத்துப் போகாமல் இருப்பதே நல்லது. போயே ஆக வேண்டும் என்றால் இரு பெற்றோரும் கையெழுத்திட்டு நோட்டரி செய்த சம்மதக் கடிதம், பெற்றோரின் அடையாள நகல், பொறுப்பாளர் இன்னார் என்ற குறிப்பு மூன்றும் வேண்டும்.

4. விசா: எந்த வகை என்பதுதான் கேள்வி

இந்தியர்கள் இடிஏ எனப்படும் மின்னணுப் பயண அனுமதியை இணையத்தில் வாங்கலாம். அரசுத் தளத்தின் முகவரி ஜிஓவி டாட் எல்கே என்று முடியும். தேடினால் அதற்கு முன்னால் வந்து நிற்பவை பல, தரகர் தளங்கள். அச்சு அசலாக அரசுத் தளம் போலவே இருக்கும், கூடுதல் கட்டணம் பிடிக்கும். இந்தியர்களுக்கான கட்டணம் அண்மை ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கிறது. போன வருடம் போனவர் சொல்வதை நம்பாமல், விண்ணப்பிக்கிற அன்று தளத்தில் இருப்பதைப் பாருங்கள். ஓரிரு நாளில் அனுமதி வந்துவிடும் என்றாலும் இரண்டு வாரம் முன்னால் முடித்துவிடுங்கள்.

இடிஏவில் நீங்கள் பார்க்க வேண்டியவை சுற்றுலா, வணிகம் என்ற இரண்டு நோக்கங்கள். சுற்றிப்பார்ப்பது, உறவினரைப் பார்ப்பது, விளையாட்டுப் போட்டிகளில் பங்கேற்பது, யாத்திரை போன்றவை சுற்றுலாவில் வரும். கருத்தரங்கு, குறுகிய பயிற்சி, சமய நிகழ்ச்சிகளில் பங்கேற்பது ஆகியவை வணிகத்தில் வரும். உங்கள் முகாமில் பந்து மட்டும் அல்லாமல் பாட்டும் வேதக் கதையும் இருக்கும் என்றால் எது பொருந்தும் என்பதை நீங்களாக ஊகிக்காதீர்கள். அழைப்புக் கடிதத்தோடு சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகர் அலுவலகத்தில் கேளுங்கள். அழைக்கிற சபை கொழும்பில் கிறிஸ்தவ சமய அலுவல்கள் திணைக்களத்தில் விசாரிக்கட்டும். பதில் வரத் தாமதமாகலாம், அதற்காகவே இதைப் பயணத்துக்கு மூன்று மாதம் முன்னாலேயே தொடங்குங்கள்.

சுற்றுலா அனுமதியில் போய் மேடை போட்டுப் பிரசங்கிப்பது நேரடியான மீறல். பிடிபட்டால் நீங்கள் ஊருக்குத் திரும்பிவிடுவீர்கள், பதில் சொல்லப்போவது உள்ளூர்ப் போதகர். எப்படியாவது ஒரு செய்தி கொடுத்தே தீர வேண்டும் என்று நினைக்கிற மூத்தவர் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். அவரிடம் சென்னையிலேயே பேசி முடித்துவிடுங்கள். குடிவரவு அதிகாரி கேட்டால் கடிதத்தில் இருப்பதை அப்படியே சொல்ல வேண்டும், எல்லோரும் ஒன்றையே சொல்ல வேண்டும். "டூர்" என்று ஒருவரும் "ஊழியம்" என்று இன்னொருவரும் சொன்னால் மொத்தக் குழுவும் ஓரமாக உட்கார வேண்டியதுதான்.

5. பணம்

செலவுத் தலைப்புகள்: விமானம், விசா, காப்பீடு, கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து அட்டனுக்குப் போக வர வேன், தங்குமிடம், சாப்பாடு, பிள்ளைகளின் சிற்றுண்டி, விளையாட்டுச் சாமான், மருத்துவக் கையிருப்பு. கூட்டி வருகிற தொகையில் 15 சதவீதம் தனியே எடுத்து வையுங்கள். மண்சரிவால் பாதை அடைபட்டு ஒரு நாள் கூடுதலாகத் தங்க நேர்ந்தால் இதிலிருந்துதான் போக வேண்டும். பத்துப் பேருக்கு மேல் என்றால் விமான நிறுவனங்களில் குழுப் பதிவு கேளுங்கள். விலை குறையாவிட்டாலும் முன்பணம் மட்டும் கட்டிவிட்டுப் பெயர்களைப் பிறகு கொடுக்கும் வசதி கிடைக்கும்.

பொருளாளர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. சபை டிரஸ்ட்டாகப் பதிவாகி வருமான வரி விலக்குப் பெறுகிறது என்றால், அதன் வருமானத்தை இந்தியாவுக்கு வெளியே செலவழிப்பது பொதுவாக அந்த விலக்கில் சேராது, நேரடி வரிகள் வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். தனிநபர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் எல்ஆர்எஸ் திட்டமும் டிரஸ்ட்டுகளுக்குக் கிடையாது. காணிக்கைப் பணத்தை எடுத்து டாலராக்கி ஒருவர் கையில் கொடுத்தனுப்பினால் தணிக்கையில் மாட்டும். அவரவர் செலவை அவரவர் கட்டுவதே சிக்கலில்லாத வழி. வசதியில்லாத ஒருவருக்கு உதவ நினைப்பவர்கள் தனிநபராக அவர் கணக்கில் போடலாம். மற்றபடி உங்கள் ஆடிட்டரிடம் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள்.

ஒருவர் 3,000 டாலர் வரை நோட்டாக எடுத்துப் போகலாம், இந்திய ரூபாய் 25,000 வரை. அங்கீகாரம் பெற்ற இடத்தில் மாற்றி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து இலங்கையில் யுபிஐ வேலை செய்கிறது, கொழும்புக் கடைகளுக்கு அது போதும். தோட்டத்துக் கடையில் ரொக்கம்தான். குழுப் பணத்தை இரண்டு பேரிடம் பிரித்துக் கொடுங்கள்.

6. பிள்ளைகளின் பாதுகாப்பு

போகிற ஒவ்வொருவருக்கும் போலீஸ் நன்னடத்தைச் சரிபார்ப்பு எடுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் விண்ணப்பிக்கலாம். "நம்ம சபைப் பையன்தானே" என்று யாருக்கும் விலக்கு வேண்டாம், போதகருக்கும் சேர்த்து.

விதிகள் குறைவு, ஆனால் வளையக் கூடாது. ஒரு பிள்ளையோடு பெரியவர் ஒருவர் தனியே இருக்கக் கூடாது, எப்போதும் இருவர். கழிவறைக்குக் கூட்டிப் போவது உள்ளூர் அக்காமார். படம் எடுப்பது ஒரே ஆள், ஒரே கருவி. முகமும் தோட்டத்தின் பெயரும் சேர்ந்து எந்த ஸ்டேட்டஸிலும் வரக் கூடாது. பிள்ளைகளோடு தொலைபேசி எண் பரிமாற்றம் இல்லை, ஊர் திரும்பிய பிறகும் இல்லை. ஏதாவது தெரியவந்தால் உள்ளூர்ப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் உதவி எண் 1929.

தோட்டத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்துக் குடும்பத்தினர். பெற்றோர் கையெழுத்திடும் படிவத்தில் "விளையாட்டு, பாட்டு, வேதாகமக் கதை, சிற்றுண்டி" என்று இருப்பதை இருக்கிறபடி எழுதுங்கள். விளையாட்டு என்று மட்டும் எழுதிவிட்டுக் கதை சொல்வது ஏமாற்று வேலை, இரண்டாம் நாளே லயம் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) முழுக்கப் பேச்சாகும். கதை நேரத்துக்குப் பிள்ளையை விட விரும்பாத பெற்றோருக்காக அந்த அரை மணி நேரமும் ஒரு பந்தும் ஒரு பெரியவரும் மைதானத்திலேயே இருக்கட்டும்.

7. சாமான்

அறுபது பிள்ளைகளுக்கு: நான்காம் அளவுக் கால்பந்து 8, சிறுவர்களுக்கு மூன்றாம் அளவு 4, கரப்பந்து 4, டென்னிஸ் பந்து 24, கூம்பு 40, இரண்டு நிறத்தில் மேலங்கி 15 வீதம், பிளாஸ்டிக் மட்டையும் ஸ்டம்பும் 3 செட், 20 மீட்டர் கயிறு 2, விசில் 6, கைப்பம்பு 2, பம்பு ஊசி 6. டென்னிஸ் பந்து இத்தனை எதற்கு என்று தோன்றும். தேயிலைச் செடிக்குள் போன பந்து திரும்பாது. பம்பு ஊசி முதல் நாளே உடையும், அது இல்லாவிட்டால் கால்பந்தும் கரப்பந்தும் எல்லாம் வீண்.

இதில் பாதிக்கு மேல் கொழும்புப் புறக்கோட்டையிலோ அட்டனிலோ வாங்குங்கள். புது உறையோடு நாற்பது பந்தைக் கொண்டு இறங்கினால் சுங்கத்தில் வியாபாரச் சரக்கா என்று கேட்பார்கள். கொண்டு போவதைக் காற்றைக் குறைத்து, ஆள் ஆளுக்குப் பிரித்து, பட்டியலோடு வையுங்கள். மட்டை, ஸ்டம்பு, கத்தரிக்கோல் சரக்குப் பெட்டியில். பவர் பேங்க் கைப்பையில் மட்டும். வசனம் அச்சடித்த குழு டீசர்ட்டைப் பயணத்தில் போட வேண்டாம், மைதானத்திலும் சாதாரண நிற மேலங்கி போதும்.

ஆணி வைத்த பூட்ஸ் கூடவே கூடாது. பிள்ளைகளில் பாதிப்பேர் வெறுங்காலில் விளையாடுவார்கள், ஒரு மிதியில் விரல் போய்விடும். தட்டை அடிக் கேன்வாஸ் ஷூ கொண்டு போங்கள். அட்டன் கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேல். டிசம்பர் காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாது. மழைக்கோட்டு வேண்டும், குடை உதவாது.

8. முகாம் நாள்

விடியற்காலையில் பெற்றோர் அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்குப் போய், பிறகு கொழுந்து எடுக்க மலை ஏறிவிடுவார்கள். பிள்ளைகள் அதற்குப் பிறகே வருவார்கள். பெரிய பெண்பிள்ளைகள் தம்பி தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பாமல், பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) விட முடியுமா என்று முன்னரே கேட்டு வையுங்கள். முடியாவிட்டால் ஓரமாக ஒரு பாயும் ஒரு அக்காவும் வேண்டும். அப்போதுதான் அந்தப் பெண்பிள்ளை விளையாடுவாள்.

எட்டரைக்குத் தொடங்கிப் பன்னிரண்டரைக்கு முடியுங்கள். மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கினால் எதிர்க் கோல்கம்பம் தெரியாது, மழையும் அப்போதுதான் வரும். அறுபது பேரை நான்கு அணியாக்கி, நான்கு இடங்களில் 25 நிமிட விளையாட்டு, விசிலுக்கு மாற்றம். எட்டு வயதுக்குக் கீழே ஆறு பிள்ளைக்கு ஒரு பெரியவர், பன்னிரண்டு வரை எட்டுக்கு ஒருவர், அதற்கு மேல் பத்துக்கு ஒருவர். இதோடு பதிவு, தண்ணீர், முதலுதவி என்று மூன்று பேர் விளையாட்டில் சேராமல் நிற்க வேண்டும். உள்ளூர் இளைஞர்கள் நடத்தட்டும், உங்கள் ஆள் துணைக்கு. அடுத்த வாரமும் அந்தப் பிள்ளைகள் பார்க்கப்போவது அவர்களைத்தான்.

தோட்டத்து மைதானம் பெரும்பாலும் சரிவை வெட்டிச் செய்தது. பள்ளத்துப் பக்கம் கோல் வைக்காதீர்கள். அந்த ஓரத்துக்கு ஐந்து மீட்டர் உள்ளே கயிறு கட்டுங்கள். காலையில் இருவர் நடந்து பார்த்து, கண்ணாடித் துண்டு, கம்பி, குழி எல்லாவற்றையும் எடுத்த பிறகே பந்து இறங்க வேண்டும். கொதித்தாறிய தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர். பத்தரைக்குச் சுண்டலும் பிளேன்டீயும். பொட்டலத் தின்பண்டத்தைவிட மலிவு, தோட்டத்து அம்மாக்களே செய்து தருவார்கள், கூலி கொடுங்கள்.

பரிசு விஷயத்தில் கவனம். சிறந்த வீரருக்கு மட்டை என்று ஒன்றைக் கொடுத்தால் அன்று மாலை லயத்தில் சண்டை.

9. குளவி, அட்டை, ஆஸ்பத்திரி

தேயிலைத் தோட்டங்களில் குளவிக்கொட்டு அடிக்கடி நடப்பது. மைதானத்து மரங்களிலும் பாறை இடுக்குகளிலும் கூடு இருக்கிறதா என்று தோட்டத்து ஆட்களிடம் கேளுங்கள். இருந்தால் இடத்தை மாற்றுங்கள், கூட்டை நீங்கள் கலைக்கப் போகாதீர்கள். கிளம்பிவிட்டால் கையை வீசாமல் பிள்ளைகளைக் கட்டடத்துக்குள் ஓட்டிக் கதவை மூட வேண்டும். எந்தக் கட்டடம், சாவி யாரிடம் என்பதை முதல் நாள் காலையிலேயே தெரிந்து வையுங்கள். பல இடத்தில் கொட்டு வாங்கியவரையும், மூச்சு வாங்குகிறவரையும், முகம் வீங்கியவரையும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மாத்திரை கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது.

அட்டை கடிக்குப் பயப்பட ஒன்றுமில்லை. நகத்தால் ஓரமாகத் தள்ளி எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, துணி வைத்து அழுத்தினால் போதும். நெருப்பு வைத்துச் சுட வேண்டாம். நாய்க்கடி என்றால் கால் மணி நேரம் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரி.

அவசர அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119. ஆனால் மேல் டிவிஷன் (மலை மேலுள்ள தோட்டப் பிரிவு) பாதைக்கு அம்புலன்ஸ் ஏறுவது எளிதல்ல. முகாம் முடியும் வரை ஒரு ஆட்டோ மைதானத்தில் நிற்கட்டும், அதற்கு நாள் வாடகை கொடுங்கள். அட்டன் பக்கம் பெரிய ஆஸ்பத்திரி, இந்திய உதவியோடு கட்டி 2017இல் திறந்த டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை. உங்கள் பயணக் காப்பீடு உங்களுக்கு மட்டும்தான். விளையாட்டில் படும் அடி அதில் சேருமா என்று வாங்குமுன் கேளுங்கள். முகாமில் கை முறிந்த பிள்ளைக்கு அது பைசா தராது, அதற்கான தொகை உள்ளூர்ச் சபையின் கையில் முன்கூட்டியே இருக்க வேண்டும்.

மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை வெளியிடும். உங்கள் பிரதேசத்துக்கு எச்சரிக்கை வந்தால் அன்றைக்கு முகாம் இல்லை, பேச்சுக்கே இடமில்லை.

10. கடைசி நாள்

மீதிப் பந்து, மட்டை, பம்பு எல்லாவற்றையும் பட்டியல் போட்டு உள்ளூர்ச் சபையின் பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். தனிப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். ஆட்டோ, சமையல், வேன் கணக்கை அங்கேயே தீர்த்து ரசீது வாங்குங்கள். பெற்றோர் படிவங்கள் அங்கேயே இருக்கட்டும், இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டாம். படங்களை உள்ளூர்ச் சபைக்குக் கொடுத்து, அவர்கள் சம்மதித்த படங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழியுங்கள்.

அட்டனிலிருந்து கட்டுநாயக்கவுக்கு வேனில் ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கினிகத்தேனை வளைவுகளில் வாந்தி எடுப்பவர்கள் இருப்பார்கள், கித்துல்கலையில் ஒரு முறை நிறுத்த வேண்டி வரும். விமானத்துக்கு ஒன்பது மணி நேரம் முன்னால் வண்டி கிளம்ப வேண்டும்.